சாலமோன் பெயரில் நுழைந்தவை

கி.பி. 70இல் ரோமப் படை எருசலேம் கோயிலை இடித்த பிறகு யூதர்களிடம் எஞ்சியது எழுத்துதான். பலிபீடம் போயிற்று, குருமாரின் வேலையும் போயிற்று. தோல் சுருள்களை விரித்து வைத்து வாதாடும் ரபிகள் தலையெடுத்தார்கள். அவர்களில் முதல் வரிசையில் நின்றவர் ரபி அகிபா. அவருக்கு ஒரு மனத்தாங்கல். விருந்துக் கூடங்களில் மது உள்ளே போனதும் சிலர் உன்னதப்பாட்டை எடுத்துக் குரலை நெளித்து, குழைத்துப் பாடத் தொடங்கிவிடுவார்கள். அப்படிப் பாடுகிறவனுக்கு மறுமையில் பங்கில்லை என்று அகிபா தீர்ப்புச் சொன்னதாக, தொசெப்தா என்ற பழைய சட்டத் தொகுப்பு பதிந்து வைத்திருக்கிறது.

மறுமையைக் காட்டி மிரட்ட வேண்டியிருந்தது என்றால் அந்தப் பாட்டு மக்கள் வாயில் நன்றாகவே புழங்கியிருக்கிறது. இன்று விவிலியத்தில் பக்திநூலாக அமர்ந்திருக்கும் எட்டு அதிகாரங்கள், 117 வசனங்கள், அப்போது விருந்துப் பாட்டாகவும் இருந்தன.

இதே அகிபாதான் உன்னதப்பாட்டுக்குப் பெரிய வக்கீலாகவும் நின்றார். எந்தெந்தச் சுருள் திருமறை என்ற பேச்சு ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் வருகிறது. அங்கே அதற்கு ஒரு வினோதமான அளவுகோல்: தொட்டால் கையைத் தீட்டாக்கும் சுருள்தான் புனிதமானது. காணிக்கைத் தானியமும் புனிதம், சுருளும் புனிதம் என்று மக்கள் இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கப்போய் சுருள்கள் பாழாயின; அதைத் தடுக்கவே இந்த விதி வந்தது என்று, மிஷ்னாவின் மேல் எழுந்த விவாதத் தொகுப்பான தல்மூது காரணம் சொல்கிறது. தானியத்தைத் தேடி வந்த எலிகள் தோலையும் கடித்தன என்று பிற்கால உரைகாரர் விளக்கினார்கள். இந்த அளவுகோலில் இரண்டு நூல்கள் சிக்கின: பிரசங்கியும் உன்னதப்பாட்டும். கையைத் தீட்டாக்கும் என்றார் ஒருவர். பிரசங்கி ஆக்காது என்றார் இன்னொருவர். உன்னதப்பாட்டைப் பற்றி இஸ்ரயேலில் யாரும் எக்காலத்திலும் ஐயப்பட்டதே இல்லை என்று அகிபா அடித்துப் பேசினார். மற்ற எழுத்துகள் புனிதம் என்றால் இது புனிதத்திலும் புனிதம் என்பது அவர் கட்சி. ஐயப்பட்டவர்களின் பெயர்கள் அதே பத்தியில் இருப்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

சண்டை வந்ததில் வியப்பில்லை. எபிரேய மறையின் முதுகெலும்பு எகிப்திலிருந்து விடுதலை, சீனாய் மலை, மோசே பெற்ற கட்டளை. நீதிமொழிகளிலும் யோபுவிலும் பிரசங்கியிலும் இவற்றில் ஒன்றுகூட இல்லை. மோசேயின் பெயரே வராது. உன்னதப்பாட்டோ இறைவனைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதே கிடையாது. ஆகமம் போன்ற நூல்களுக்கு நடுவே இவை எப்படி இடம் பிடித்தன? பெரிய காரணம் ஒரு பெயர். யோபு நீங்கலாக மற்ற மூன்று நூல்களின் தலைப்பு சாலமோனைச் சுட்டுகிறது, பிரசங்கியில் மட்டும் பெயர் சொல்லாமல் தாவீதின் மகன் என்று. அந்த மன்னர் மூவாயிரம் பழமொழியும் ஆயிரத்தைந்து பாட்டும் சொன்னார் என்று அரசர் முதல் நூல் கணக்கே கொடுக்கிறது. அரசன் பெயர் நுழைவுச்சீட்டாயிற்று. உள்ளே இருந்த குரல்கள் வேறு வேறு ஆட்களுடையவை.

நீதிமொழிகளை எடுத்துக்கொண்டால், அது தன் தொகுப்பாளர்களை மறைக்கவே இல்லை. 25ஆம் அதிகாரத்தின் முதல் வசனம், இனி வருபவை யூதாவின் மன்னர் எசேக்கியாவின் ஆட்கள் படியெடுத்தவை என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறது. எசேக்கியா ஆண்டது கி.மு. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில். அவர் முத்திரை பதிந்த களிமண் துண்டு ஒன்று எருசலேம் அகழாய்வில் கிடைத்து, 2015இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஓலை கட்டி முத்திரையிடும் எழுத்தர்கள் இருந்த அரண்மனையில், பழைய சொற்களைத் தொகுக்கவும் ஆட்கள் இருந்தார்கள் என்று நம்புவதில் சிரமமில்லை. 30ஆம் அதிகாரம் ஆகூர் என்பவருடையது. 31ஆம் அதிகாரம் லெமுவேல் என்ற அரசனுக்கு அவன் தாய் சொன்ன புத்திமதி. குடியையும் பெண்களையும் பற்றி மகனை எச்சரிக்கும் அந்த அம்மாளின் குரலில் அரண்மனைப் பூச்சு எதுவும் இல்லை. அதையடுத்து வரும் நல்ல இல்லாளின் புகழ் 22 வசனம். எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்தும் வரிசையாக ஒவ்வொரு வசனத்தின் முதலில் வரும். மனப்பாடத்துக்குக் கட்டிய பாட்டு அது. யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை இரவு இன்றும் பாடுகிறார்கள்.

10ஆம் அதிகாரத்தில் தொடங்கி 22இன் நடுவில் முடியும் பெரிய தொகுதியில் 375 பழமொழிகள் உண்டு. எபிரேயத்தில் எழுத்துக்கு எண் மதிப்பு உண்டு. சாலமோன் என்ற பெயரின் எழுத்துகளைக் கூட்டினாலும் 375தான் வரும். தற்செயல் என்று தள்ள முடியாத கணக்கு. யாரோ ஓர் எழுத்தர் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்.

இந்தப் பழமொழிகளின் கட்டமைப்பைப் பிடிக்காவிட்டால் நூலே சலிப்புத் தட்டும். ஒவ்வொன்றும் இரண்டு அரையடி. முதல் அரையடி ஒன்றைச் சொல்லும்; இரண்டாவது அதையே கூர்மையாக்கும், அல்லது எதிர்ப்பக்கம் திருப்பும். ஞானமுள்ள மகனால் தகப்பனுக்கு மகிழ்ச்சி என்றால், மூட மகனால் தாய்க்கு என்ன என்பது அடுத்து வரும். ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்த ராபர்ட் லோத் 1741 முதல் லத்தீனில் நிகழ்த்திய உரைகளில் இந்த இணையடி முறையை விளக்கினார். 1753இல் அவை நூலாயின. இரண்டாம் அடி முதலடியின் வெறும் எதிரொலி என்று பலர் அவரைப் புரிந்துகொண்டார்கள். 1981இல் ஜேம்ஸ் கூகல் அதை மறுத்தார்: இரண்டாவது அடி எப்போதும் ஒரு படி மேலே ஏறும் என்றார். ஓசையில் எதுகை தேடும் தமிழ்க் காது இங்கே கருத்தின் எதிர்நிலையைத் தேடப் பழக வேண்டும்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக வாலிஸ் பட்ஜ் 1888இல் எகிப்தில் ஒரு பாப்பிரஸ் சுருளை வாங்கினார். அமெனெமோப்பே என்ற எகிப்திய அதிகாரி தன் மகனுக்குச் சொன்ன முப்பது பிரிவு அறிவுரை அது. நிலமும் தானியமும் சார்ந்த நிர்வாகத்தில் இருந்தவர். 1924இல் ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் எர்மன் அதை நீதிமொழிகள் 22, 23 அதிகாரங்களோடு பக்கத்தில் வைத்துக் காட்டியபோது விவிலிய ஆய்வில் சலசலப்பு எழுந்தது. எல்லைக்கல்லை நகர்த்தாதே, முன்கோபியோடு சேராதே, ஏழையைக் கொள்ளையிடாதே, ஆள்பவனோடு பந்தியில் அமர்ந்தால் நாவை அடக்கு. வரிசை மாறினாலும் செய்தி ஒன்று. செல்வம் சிறகு முளைத்துப் பறந்துவிடும் என்பது இரண்டிலும் வருகிறது. எகிப்தில் அது வாத்தாகப் பறக்கிறது, எபிரேயத்தில் கழுகாக. எகிப்திய நூல் பல நூற்றாண்டு மூத்தது என்பதே பெரும்பாலோர் முடிவு. எகிப்திலிருந்து ஓடி வந்த கதையைக் கொண்டாடும் மக்கள், எகிப்திய எழுத்தரின் பாடத்தைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அறிவுக்கு எல்லைக்கல் நடவில்லை அவர்கள்.

நீதிமொழிகளின் உலகம் கணக்குத் தீர்ந்த உலகம்: உழைத்தால் சோறு, சோம்பினால் பட்டினி, நேர்மைக்கு வாழ்வு. யோபு இந்தக் கணக்கைக் கிழித்துப் போடுகிறது.

யோபுவைப் பொறுமையின் சின்னமாக நினைப்பவர்கள் முதல் இரண்டு அதிகாரத்தோடு நின்றுவிட்டவர்கள். அந்த உரைநடைக் கதையில்தான் அவர் பொறுமைசாலி. மூன்றாம் அதிகாரத்தில் கவிதை தொடங்கியதும் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். இறைவனை வழக்குக்கு இழுக்கிறார். மூன்று நண்பர்கள், நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும் என்று நீதிமொழிகள் பாணியிலேயே வாதாடுகிறார்கள். எலிகூ என்ற இளைஞர் 32ஆம் அதிகாரத்தில் திடீரென்று வந்து ஆறு அதிகாரம் பேசிவிட்டுப் போகிறார். முன்னும் பின்னும் அவர் பெயரே இல்லை. பிறர் கை பிறகு சேர்த்த பகுதி என்று பல ஆய்வாளர்கள் கருதுவதில் நியாயம் இருக்கிறது. கடைசியில் சூறாவளியிலிருந்து பேசும் இறைவன் யோபுவின் கேள்விக்குப் பதிலே சொல்வதில்லை. வரையாடு ஈனும் காலம் தெரியுமா, காட்டுக் கழுதையை அவிழ்த்துவிட்டது யார் என்று கேள்வி மேல் கேள்வி. ஆனால் இறைவனுக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்கள்தான் முடிவில் கண்டனம் பெறுகிறார்கள். குறை கூவிய யோபு சரியாகப் பேசினார் என்று தீர்ப்பு வருகிறது. பழைய உலக இலக்கியத்தில் இவ்வளவு துணிச்சலான முடிவு அரிது.

துன்பப்படுபவனும் நண்பனும் மாறி மாறிப் பேசும் வடிவம் பாபிலோனில் ஏற்கெனவே இருந்தது. பதினொரு வரி கொண்ட 27 செய்யுள்களில் ஒரு வாதம். செய்யுள்களின் முதலெழுத்துகளைக் கூட்டினால் எழுதியவரின் பெயரும் கிடைக்கும். யோபு அந்த மரபின் உறவுக்காரர். யோபு என்றொரு மனிதர் இருந்ததே இல்லை, அது உவமைக் கதை என்று தல்மூது காலத்திலேயே ஒருவர் சொல்லியிருக்கிறார். அவரை யாரும் கல்லெறியவில்லை. எதிர்க் கருத்துகளோடு அவர் கருத்தும் பதிவாயிற்று.

பிரசங்கி இன்னும் சிக்கலான ஆள். நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒரே முடிவு, மனிதனுக்கும் விலங்குக்கும் ஒரே மூச்சு என்கிறார். முதல் இரண்டு அதிகாரங்களில் எருசலேமின் அரசன் போலப் பேசி, கட்டிய மாளிகைகளையும் வைத்த தோட்டங்களையும் அடுக்கிவிட்டு, பிறகு அந்த வேடத்தைச் சத்தமில்லாமல் கழற்றி வைத்துவிடுகிறார். மொழியில் பாரசீகச் சொற்கள் கலந்திருக்கின்றன, எனவே கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுக்கு முந்திய நூலாக அதைக் கொள்ள இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் தயாரில்லை. சாக்கடலோரக் கும்ரானில் கிடைத்த அதன் துண்டு ஒன்று கி.மு. இரண்டாம் நூற்றாண்டு கையெழுத்து. ஆக, இரு எல்லைக்கும் நடுவே எப்போதோ எழுதப்பட்டது. ஒன்பதாம் அதிகாரத்தில் அவர் தரும் யோசனை: மகிழ்ந்து உண், குடி, வெள்ளாடை உடுத்து, தலைக்கு எண்ணெய் வை, மனைவியோடு இன்பமாக வாழ். கில்கமெஷ் காவியத்தின் பழைய பாபிலோனிய வடிவத்தில், சாவுக்கு மருந்து தேடி அலையும் வீரனுக்கு மதுக்கடை நடத்தும் சிதுரி என்ற பெண்ணும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லி அனுப்புகிறாள்.

பிரசங்கி தன்னைத்தானே மறுக்கிறது, எடுத்து மறைத்துவிடலாம் என்று ரபிகள் யோசித்ததைத் தல்மூது மறைக்காமல் சொல்கிறது. நீதிமொழிகள் மீதும் அதே புகார் வந்தது. 26ஆம் அதிகாரத்தில் நான்காம் வசனம் மூடனுக்கு அவன் பாணியில் பதில் சொல்லாதே என்கிறது. ஐந்தாம் வசனம் சொல் என்கிறது. தொகுத்தவர் தூங்கிவிடவில்லை. வேண்டுமென்றேதான் அருகருகே வைத்திருக்கிறார். எந்த இடத்தில் எது என்று கண்டுபிடிப்பது படிப்பவன் வேலை. நம்மூர்ப் பழமொழிகளும் இப்படித்தானே ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன.

சொந்தப் பெயரில் எழுதியவரின் கதி என்ன என்பதற்கும் சான்று உண்டு. கி.மு. 180 வாக்கில் எருசலேமில் பென் சீரா என்ற ஆசிரியர் ஒரு ஞான நூல் எழுதினார். மாணவர்களைத் தன் கல்விக்கூடத்துக்கு அழைக்கும் அந்த நூலில்தான் ஞானமும் மோசேயின் சட்டமும் ஒன்று என்ற இணைப்பு வெளிப்படையாக நடந்தது. பேரன் எகிப்துக்குப் போய் அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தார். சமய நோக்கில் பார்த்தால் பிரசங்கியைவிட எவ்வளவோ பாதுகாப்பான நூல். ஆனால் பென் சீரா வேடம் போடவில்லை. தன் பெயரையும் ஊரையும் எழுதிவைத்தார். யூத மறைக்குள் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ரபிகள் அவரை மேற்கோள் காட்டினார்கள், பட்டியலில் மட்டும் சேர்க்கவில்லை. கத்தோலிக்க விவிலியத்தில் சீராக்கின் ஞானமாக அவர் வாழ்கிறார். காலத்தால் பிந்தியவர் என்பதும் ஒரு காரணம்தான். ஆனாலும் சாலமோன் போர்வை இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

அவர் நூலின் எபிரேய மூலம் நூற்றாண்டுகளாகக் காணாமல் போயிருந்தது. 1896இல் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற ஸ்காட்லாந்து இரட்டைச் சகோதரிகள் கீழை நாடுகளில் வாங்கி வந்த பழைய தாள்களில் ஒன்றைக் கேம்பிரிட்ஜில் சாலமன் ஷெக்டரிடம் காட்டினார்கள். பென் சீராவின் எபிரேயம்! ஷெக்டர் கெய்ரோவுக்கு விரைந்து, பென் எஸ்ரா தொழுகைக் கூடத்தின் பழந்தாள் அறையைத் துழாவி, ஒரு லட்சத்து தொண்ணூறாயிரம் துண்டுகள் அளவுக்கு அள்ளிக்கொண்டு வந்தார். கிரேக்கத்திலிருந்து இடைக்காலத்தில் திருப்பி எழுதிய போலி என்று சிலர் முகம் சுளித்தார்கள். 1964இல் மசாதா கோட்டை இடிபாட்டில் யிகேல் யாதின் குழு கண்டெடுத்த சுருள் அந்த வாதத்தைப் பெரிதும் அடக்கிவிட்டது.

இனி, அகிபாவைத் தூங்கவிடாத பாட்டு.

உன்னதப்பாட்டில் பாதிக்கு மேல் பேசுபவள் பெண். ஆசையைச் சொல்பவளும் அவள், இரவில் தெருவில் இறங்கித் தேடுபவளும் அவள், காவலரிடம் அடி வாங்குபவளும் அவள். தாய் ஏழு இடத்தில் வருகிறாள். தகப்பன் ஓரிடத்திலும் இல்லை. கிழவனார் தோற்றத்து மறைநூல்களின் நடுவே இது தனிப்பிறவி. காதலனைத் தலையிலிருந்து கால்வரை வருணிக்கும் கேசாதிபாதமும் அவள் வாயில்தான். என்கேதியின் திராட்சைத் தோட்டம், சாரோன் சமவெளி, லெபனோன் மலை, எஸ்போனின் குளங்கள் என்று ஊர்ப்பெயர் அடுக்கும் பாட்டில் மருதோன்றி, மாதுளை, குங்குமப்பூ, வெள்ளைப்போளம், இமயத்திலிருந்து வரும் நளதம் என்று வாசனைக் கடையே விரிகிறது. சாலமோனும் ஏழு முறை வருகிறார். கடைசி முறை கேலிப்பொருளாக: ஆயிரம் வெள்ளிக்காசு ஈட்டும் உன் தோட்டம் உனக்கே இருக்கட்டும், என் தோட்டம் எனக்கு. அரசர் எழுதிய பாட்டில் இந்த வரி வருமா என்ன?

இதற்கும் எகிப்தில் மூத்த உறவு உண்டு. செஸ்டர் பீட்டி, ஹாரிஸ் 500 என்ற பெயர்களில் அறியப்படும் பாப்பிரஸ்களில் கி.மு. 1300க்கும் 1100க்கும் இடைப்பட்ட காதல் பாட்டுகள் இருக்கின்றன. காதலியைச் சகோதரி என்று அழைப்பது அங்கேயும் வழக்கம், இங்கேயும். மைக்கேல் ஃபாக்ஸ் 1985இல் இரண்டையும் ஒப்பிட்டபோது ஒரு நுட்பத்தைப் பிடித்தார்: எகிப்தியக் காதலர் ஒருவரைப் பற்றி ஒருவர் தனியே புலம்புகிறார்கள், எபிரேயக் காதலர் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்கள். டமாஸ்கஸில் பிரஷ்யத் தூதராக இருந்த வெட்ஸ்டைன், சிரிய கிராமங்களில் மணமக்களைப் போரடிக்கும் பலகையில் அமர்த்தி ஒரு வாரம் அரசன் அரசியாகக் கொண்டாடி, அவர்கள் அழகை உறுப்பு உறுப்பாகப் பாடுவதை 1873இல் எழுதினார். உடனே முழு நூலும் கல்யாணப் பாட்டுதான் என்றார்கள் சிலர். அது மிகை. கதவு தாழிட்ட இரவும் காவலரின் அடியும் எந்தக் கல்யாணத்தில் வரும்?

திருமறைக்குள் வந்தபின் பாட்டுக்கு வேறு வாழ்க்கை. இறைவனும் இஸ்ரயேலும் என்றனர் யூதர். பாஸ்கா விழாவின் ஓய்வுநாளில் வாசிக்கும் வழக்கம் அதிலிருந்து வேர்கொண்டது. கிறிஸ்துவும் திருச்சபையும் என்றனர் கிறிஸ்தவர். கிளேர்வோவின் பெர்னார்டு 1135இலிருந்து 1153இல் இறக்கும்வரை 86 பிரசங்கம் எழுதினார். எட்டு அதிகாரத்தில் மூன்றாவதின் தொடக்கத்தைத்தான் எட்டினார். சலமங்காவின் பேராசிரியர் லூயிஸ் தெ லெயோன் ஒரு கன்னியாஸ்திரிக்காக இதை ஸ்பானிய மொழியில் பெயர்த்தது, அவரை 1572 முதல் 1576 வரை விசாரணை மன்றச் சிறையில் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஞானப்பொருள் கற்பித்தவர்களை இன்று எள்ளி நகையாடுவது எளிது. அந்தப் பொருள் இல்லாமல் போயிருந்தால் படியெடுக்கக் கை இருந்திருக்காது, பாட்டும் நமக்கு வந்திருக்காது.

தமிழும் இந்தக் கதையில் ஒரு மூலையில் இருக்கிறது. எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் கைம் ராபின் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். பெண்ணே தன் ஏக்கத்தைச் சொல்வதும், பிரிவும் பருவமும் நிலமும் அந்த ஏக்கத்தோடு பின்னிக் கிடப்பதும் சங்க அகப்பாட்டை ஒத்திருக்கின்றன. சாலமோன் கால நறுமண வணிகத்தின் வழியே அந்த மரபு போயிருக்கலாம் என்பது அவர் ஊகம். மேடைகளில் இதைப் பெருமையோடு சொல்வோர் உண்டு. நமக்குக் கிடைக்கும் சங்கப் பாடல்கள் சாலமோனுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை என்பதுதான் இடிக்கிறது. கப்பலில் அகிலும் மயிலும் போனதால் பாட்டும் போயிற்று என்று தீர்ப்பெழுத முடியாது. ஆபிரகாம் மரியசெல்வம் 1988இல் ரோமில் வெளியிட்ட ஆய்வு இரு மரபையும் நிதானமாக, பாட்டுப் பாட்டாக ஒப்பிடுகிறது. கடன் வாங்கியதா என்ற கேள்வியைவிட அந்த ஒப்பீடு பயனுள்ளது.

உன்னதப்பாட்டின் எபிரேய மூலத்தில் பேசுவது தலைவனா தலைவியா என்ற குறிப்பு கிடையாது. இலக்கண விகுதி கொண்டுதான் அறிய வேண்டும். நான்காம் நூற்றாண்டின் சீனாய் சுவடி என்ற கிரேக்கப் பிரதி, படிப்பவர் திணறக் கூடாதென்று பேசுபவர் பெயரைச் சிவப்பு மையில் எழுதிச் சேர்த்தது. தமிழில் 1871இன் பழைய மொழிபெயர்ப்பைக் கையில் எடுப்பவர், பத்தி பத்தியாக ஓடும் அச்சில் அரையடிகளைத் தாமே பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கும். 1995இன் திருவிவிலியம் கவிதையைக் கவிதை வரிகளாக அச்சிட்டது. எதுவானாலும், நீதிமொழிகள் 26ஐப் படித்த கையோடு யோபு மூன்றாம் அதிகாரத்துக்கும், அங்கிருந்து பிரசங்கி ஒன்பதுக்கும் போய்ப் பாருங்கள். உன்னதப்பாட்டை ஒரே மூச்சில், வாய்விட்டுப் படியுங்கள். அரை மணி நேரம் போதும்.